எல்லாம் ஒரே இரைச்சலாம்!

போன ஞாயித்துக்கிழமை எங்க அடுக்ககத்து மூணாவது மாடி சாரோட மறுபடியும் வாய்த்தகராறு. மனுசர் லேசுப்பட்டவர் இல்லை. மொசார்ட், பீத்தோவன், பிராம்ஸ்னு அலமாரி நிறைய இசைத்தட்டு வச்சிருக்கார். பீத்தோவனோட கடைசி க்வார்ட்டெட்டுகளைப் பத்திப் பேச ஆரம்பிச்சார்னா காபி ஆறிப்போறது தெரியாம கேட்டுக்கிட்டே இருக்கலாம். ஆனா 1910-ஐத் தாண்டினா போதும், மூஞ்சி சுண்டிடும். "அதுக்கப்புறம் வந்ததெல்லாம் ஒரே இரைச்சல் தம்பி. எது யார் போட்டதுன்னு போட்டவனுக்கே தெரியாது."

முதல் வாக்கியத்தோட எனக்குச் சண்டையில்லை. பிடிக்கலைன்னா பிடிக்கலை, விட்டுடலாம். ரெண்டாவது வாக்கியம்தான் உசுப்பிவிட்டது. ஏன்னா அது ரசனை இல்லை, சோதிச்சுப் பார்க்கக்கூடிய விஷயம். யார் போட்டதுன்னு காதை வச்சே சொல்ல முடியுமா, முடியாதா? நானும் ரெண்டு நண்பர்களும் ஆறேழு வருஷமா ஞாயிறு சாயங்காலம் அதைத்தான் பண்ணிக்கிட்டிருக்கோம். ஒருத்தர் 20 விநாடி ஓடவிடுவார். பேர் கிடையாது, அட்டைப்படம் கிடையாது. மத்தவங்க ரெண்டு பேரும் யாருன்னு சொல்லணும். 20-ம் நூற்றாண்டு மேற்கத்திய செவ்வியல் இசை மட்டும். முக்கியமான விதி, பிரபலமான துண்டு போடக்கூடாது. ஸ்ட்ராவின்ஸ்கியோட 'ரைட் ஆஃப் ஸ்ப்ரிங்' (1913) ஆரம்பத்துல வர்ற பஸூன் இழுப்பைக் கேட்டுட்டு "ஸ்ட்ராவின்ஸ்கி!"ன்னு கத்துறது காது இல்லைங்க, ஞாபகசக்தி. அதுவரைக்கும் கேட்டே இராத ஒரு துண்டைக் கேட்டு, இது இன்னாரோடதுன்னு சொல்றதுதான் ஆட்டம். முன்னிசை முடியறதுக்குள்ள "இது ராஜா"ன்னு சொல்லிடுற ஊர்க்காரங்க நாம, இதுல புரியாம போக ஒண்ணுமில்லை.

இரைச்சலுக்குக் கையெழுத்து இருக்குமா சார்? மிக்ஸி சத்தத்தைக் கேட்டு எந்த வீட்டு மிக்ஸின்னு சொல்வீங்களா? (எங்க வீட்டு மிக்ஸிய மட்டும் சொல்லிடலாம், அது வேற கதை.)

ஷோஸ்டகோவிச்சை எடுத்துக்குங்க. உச்சாணிக் கொம்புல ஒரு பிக்கலோ, அதல பாதாளத்துல ஒரு பஸூன், நடுவுல ஒரு ஈ காக்கா இருக்காது. அந்த வெட்டவெளி அவரோடது. இல்லைன்னா குதிரை ஓடுற மாதிரி 'டம் டடம் டம் டடம்'னு விடாம ஒரு தாளம், மேல சைலஃபோன் சுள்ளுன்னு அடிக்கும். போதாததுக்குத் தன் பேரையே ஸ்வரமா மாத்தி உள்ள ஒளிச்சு வேற வச்சிருக்கார். டி, ஈ ஃப்ளாட், சி, பி. ஜெர்மன் முறையில எழுதினா அது அவர் பேரோட முதல் எழுத்துகள். 1960-ல மூணே நாள்ல எழுதின எட்டாவது க்வார்ட்டெட் முழுக்க அந்த நாலு ஸ்வரம்தான் நடமாடுது. அதே நாட்டுக்காரர் ப்ரோகோஃபியெவ் வேற தினுசு. பாட்டு நேர்த் தெருவுல நடந்து போகும், திடீர்னு பக்கத்துச் சந்துல நுழைஞ்சு எங்கேயோ ஒரு ஸ்தாயியில எட்டிப் பார்க்கும், ரெண்டு விநாடியில ஒண்ணுமே நடக்காத மாதிரி பழைய தெருவுக்கு வந்து நிற்கும். ஒருதடவை அந்தக் குறும்பு பிடிபட்டுட்டா அப்புறம் தப்பவே தப்பாது.

மெஸ்ஸியான் இன்னும் சுலபம். பறவைகள். நிஜமாவே காட்டுக்கும் மேட்டுக்கும் போய், பறவைகள் கூவுறதைக் கேட்டுக் கேட்டு எழுதி எடுத்துட்டு வந்து பியானோவுல வாசிக்க வச்ச ஆள். நம்ம ஊர்த் தொடர்பும் உண்டு, சார்ங்கதேவரோட பழைய தேசி தாளப் பட்டியல் 120-ஐயும் ஒரு பிரெஞ்சு கலைக்களஞ்சியத்துல பார்த்து மயங்கிப் போய் தன் படைப்புகள்ல புகுத்தினவர். ஆனா ஆதி தாளம் மாதிரி சுத்தி வரும்னு எதிர்பார்த்து உட்கார்ந்தீங்கன்னா ஏமாந்து போவீங்க. தாளத்தைச் சுத்தாம, நீளநீளமான கற்களை அடுக்குற மாதிரி அடுக்கியிருப்பார். அந்த அடுக்குதான் அவரைக் காட்டிக் கொடுக்கும்.

வெபர்ன் மட்டும் எங்க ஆட்டத்தையே கேலிக்கூத்தாக்கிடுவார். ஆர்கெஸ்ட்ராவுக்கு அவர் எழுதின 'ஐந்து துண்டுகள்'ல நாலாவது மொத்தமே ஆறு பார், அரை நிமிஷம்கூட ஆகாது. 20 விநாடி போட்டா கிட்டத்தட்ட முழுக்கச்சேரி :-)

ஸ்ட்ராவின்ஸ்கி விஷயத்துலதான் நான் வசமா மாட்டினேன். சட்டை மாத்துற மாதிரி பாணி மாத்தினவர் அவர். 1913-ல காட்டுத்தனம், 1920-ல 'புல்சினெல்லா'ன்னு பதினெட்டாம் நூற்றாண்டு வேஷம், 1950-கள்ல எழுபது வயசை ஒட்டிப் பன்னிரண்டு ஸ்வர முறை. நண்பர் ஒருநாள் 1957-ல வந்த 'அகான்' பாலேயிலேர்ந்து ஒரு துண்டு போட்டார். சிக்கனமா, எலும்பெலும்பா இருந்துச்சு. வெபர்ன்னு அடிச்சுச் சொன்னேன். இன்னொரு நண்பர் கண்ணை மூடிக்கிட்டே, "இல்லைடா. தாளம் நம்ம முழங்காலை இடிக்குது பாரு. வெபர்ன் இடிக்க மாட்டார்"னார். ஸ்ட்ராவின்ஸ்கிதான். நாற்பத்து நாலு வருஷத்துல வேஷம் அத்தனையும் மாறியும் அந்த இடி மாறலை. இதைப் படிச்சுத் தெரிஞ்சுக்க முடியாதுங்க. தோத்துத்தான் தெரிஞ்சுக்கணும்.

நிற்க. மூணாவது மாடி சார் ஒரு பக்கம்னா, இன்னொரு பக்கத்துலேர்ந்து அடிக்கிறவங்க ரசிகசிகாமணிகள். "இசைய 20 விநாடியா வெட்டிப் பரீட்சை வைக்கிறீங்களே, இது என்ன டிவி க்விஸ்ஸா? பேரைத் தெரிஞ்சுக்கிட்டு, சூழலைத் தெரிஞ்சுக்கிட்டு, முழுசா கேட்கிறதுதான் மரியாதை."

இந்த 'பேரைத் தெரிஞ்சுக்கிட்டு'ங்கிறதுல இருக்குது பாருங்க பம்மாத்து. 1911 மே மாசம் பாரிஸ்ல ஒரு கச்சேரி. ரவேலும் சேர்ந்து ஆரம்பிச்ச சங்கம் ஒண்ணு நடத்தினது. படைப்பாளி பேரைச் சொல்லாம எல்லாத்தையும் வாசிக்கிறது, யாரோடதுன்னு கூட்டம் ஊகிச்சுச் சொல்லணும். வந்திருந்தவங்க எல்லாம் பாரிஸ் நகரத்துப் பழுத்த காதுகள். அன்னிக்கு முதல்முறையா வாசிக்கப்பட்டது ரவேலோட 'வால்ஸ் நோபிள் எ செண்டிமெண்டால்'. கூச்சல், கேலி. ரவேலோட அபிமானிகளே அவர் பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு கிண்டல் பண்ணினதா சொல்வாங்க, அவரும் வாயைத் திறக்காம உட்கார்ந்திருந்தாராம். ரவேல்தான்னு சொன்னவங்க மயிரிழைப் பெரும்பான்மை. சாத்தியிலேர்ந்து கோடாய் வரைக்கும் யார் யார் பேரையோ மத்தவங்க சொல்லியிருக்காங்க. நோட்டீஸ்ல ரவேல்னு அச்சடிச்சிருந்தா அதே கூட்டம் உருகி ஓடியிருக்கும். ஆக, பேர் தெரிஞ்சா வர்ற மரியாதை இசைக்குப் போகுதா, அச்சடிச்ச எழுத்துக்குப் போகுதா?

பெண்டெரெட்ஸ்கி 1960-ல 52 நரம்பு வாத்தியங்களுக்கு ஒண்ணு எழுதினார். முதல்ல வச்ச தலைப்பு, அது ஓடுற நேரம் மட்டும்தான். 8 நிமிஷம் 37 விநாடி, அவ்வளவுதான். அப்புறம்தான் ஹிரோஷிமாவில் இறந்தவர்களுக்கான புலம்பல்னு பேர் வச்சார். ஒரு ஸ்வரம் மாறலை. இன்னிக்கு அதைக் கேட்கிற யாருக்கும் குண்டு விழுறது கேட்குது. விழட்டும், தப்பில்லை. ஆனா அதுல எவ்வளவு வில்லுலேர்ந்து வருது, எவ்வளவு தலைப்புலேர்ந்து வருதுன்னு ஒருதடவையாவது பிரிச்சுப் பார்க்க வேண்டாமா? பேரில்லாம கேட்டாத்தான் பிரிக்க முடியும்.

என் கதையையும் சொல்லிடறேன். பதினைஞ்சு வருஷம் நான் ஷோன்பெர்க் பேரைக் கேட்டாலே காத தூரம் ஓடினவன். கேட்டுட்டு ஓடலை, படிச்சுட்டு ஓடினேன். பன்னிரண்டு ஸ்வரம், கணக்கு, வறட்டுத்தனம்னு எங்கேயோ படிச்சதை நம்பி, "ஷோன்பெர்க்கா? கேட்க முடியாதுப்பா"ன்னு நாலு பேர்கிட்ட வாய்கூசாம சொல்லியிருக்கேன். ஒரு சாயங்காலம் நண்பர் போட்ட துண்டுல அஞ்சு ஸ்வரம் சேர்ந்த ஒரே கார்டு, அசையவே இல்லை. ஆனா அதோட நிறம் மாறிக்கிட்டே இருக்கு. புல்லாங்குழல்லேர்ந்து நழுவி வேற வாத்தியத்துக்கு, அங்கேர்ந்து இன்னொண்ணுக்கு. விடிகாலைல குளத்துத் தண்ணி மேல வெளிச்சம் நகர்ற மாதிரி. இன்னொருதடவை போடச் சொன்னேன். அப்புறம் இன்னொருதடவை. "டெபுஸ்ஸி, நான் கேட்காத ஏதோ ஒண்ணு"ன்னேன். நண்பர் சிரிக்கலை, அதுதான் இன்னும் கஷ்டமா போச்சு. 1909-ல ஷோன்பெர்க் எழுதினது, 'ஃபார்பன்'. வண்ணங்கள்னு அர்த்தம். பன்னிரண்டு ஸ்வர முறையை அவர் அப்போ யோசிக்கக்கூட இல்லை. பதினைஞ்சு வருஷத்தை ஒரு பேருக்குப் பயந்து தொலைச்சிருக்கேன். முழுசா, சூழலோட, மரியாதையோட கேட்கிறேன்னு சொல்லிக்கிட்டே.

"போன்ல ஷஸாம் போட்டா அதுவே பேர் சொல்லிடப் போகுது, நீங்க எதுக்குக் காதைத் தீட்டிக்கிட்டு?"ன்னு ஆபீஸ்ல ஒரு தம்பி கேட்டான். அந்தச் செயலி பாணியைக் கண்டுபிடிக்கிறதில்லைப்பா. தன்கிட்ட இருக்கிற அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவோட ரேகை பொருந்துதான்னு மட்டும் பார்க்குது. அதே பாடத்தைப் பக்கத்து ரூம்ல யாராவது நேர்ல வாசிச்சா முழிக்கும்.

அப்புறம் இந்தப் பியோட்ர் ஸாக் கதை. இதை யாராவது ஒருத்தர் கட்டாயம் கொண்டு வருவாங்க. 1961 ஜூன்ல பிபிசி வானொலியில ஹான்ஸ் கெல்லரும் சூசன் பிராட்ஷாவும் தாள வாத்தியங்களைக் கண்டபடி தட்டி, பியோட்ர் ஸாக்னு இல்லாத ஒரு போலந்துக்காரர் பேர்ல நவீன இசைன்னு ஒலிபரப்பினாங்க. "பார்த்தியா, விமர்சகனெல்லாம் பாராட்டித் தள்ளினான்"ம்பாங்க. உடான்ஸ். பத்திரிகையில எழுதினவங்க நல்லா இல்லைன்னுதான் எழுதினாங்க. ஆளே பொய்னு கண்டுபிடிக்கலை, அது நிஜம், ஒத்துக்கறேன். ஆனா யோசிச்சுப் பாருங்க, ஒரே ஒரு துண்டை வச்சுக் கையெழுத்து சொல்ல யாரால முடியும்? இன்னும் மூணு 'ஸாக்' படைப்பு இதே மாதிரி தட்டி வெளியிட்டு, நாலுலயும் ஒரே ஆள் தெரியறாரான்னு கேட்டிருந்தா அன்னிக்கே சாயம் வெளுத்திருக்கும். கண்டபடி தட்டுறதுல ஆள் இருக்க மாட்டார்.

ரசிகசிகாமணிகளுக்கு ஒரு இடத்துல விட்டுக்கொடுக்கிறேன். மார்ட்டன் ஃபெல்ட்மனோட ரெண்டாவது க்வார்ட்டெட் (1983) முழுசா வாசிச்சா ஆறு மணி நேரம் போல ஆகும். எனக்கு அவரைக் கண்டுபிடிக்க பத்து விநாடி போதும். மூச்சு விடுற சத்தத்தைவிட மெதுவா ஒரு சின்ன உருவம், திரும்பத் திரும்ப, கொஞ்சம் கோணலா. ஃபெல்ட்மன்னு சொல்லி ஒரு பாயிண்ட் வாங்கிடுவேன். ஆனா அந்த ஆறு மணி நேரத்துல காலம் நம்மளை என்ன பண்ணுதுங்கிறதுல எனக்கு ஒரு மண்ணும் கிடைக்கலை. வாஸ்தவம்தான். வாசல்ல நின்னு யார் வீடுன்னு சொல்றோம், உள்ள போகலை. ஆனா இந்தத் தெருவுல வீடே இல்லைன்னு சொல்றவர்கிட்ட முதல்ல வாசலைத்தானே காட்டியாகணும்?

அதைத்தான் ஞாயித்துக்கிழமை பண்ணினேன். "பேர் சொல்ல வேண்டாம் சார். அஞ்சு துண்டு போடறேன். அதுல ரெண்டு ஒரே ஆளோடது. எந்த ரெண்டுன்னு மட்டும் சொல்லுங்க. எல்லாம் ஒரே இரைச்சல்னா உங்களால சொல்ல முடியாது, நான் இனிமே வாயே திறக்கலை." சார் உட்கார்ந்தார். லிகெட்டியோட 'அட்மாஸ்ஃபியர்ஸ்', வெபர்ன் ஒண்ணு, ஷோஸ்டகோவிச் க்வார்ட்டெட் ஒண்ணு. மெஸ்ஸியான் ரெண்டு, அதுல ஒண்ணு தனிப் பியானோ, இன்னொண்ணு ஆர்கெஸ்ட்ராவோட சேர்ந்தது. வாத்தியத்தை வச்சுக் கண்டுபிடிச்சிடக்கூடாதுன்னு வேணும்னே அப்படி எடுத்தேன்.

லிகெட்டிக்கு, "தேன்கூட்டுல கல்லெறிஞ்சுட்டானா?"ன்னார். வெபர்னுக்கு, "முடிஞ்சிடுச்சா?" ஷோஸ்டகோவிச்சுக்கு ஒண்ணும் சொல்லலை, ஆனா தலை லேசா ஆடினதை நான் பார்த்தேன். அஞ்சும் முடிஞ்சதும் மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே, "ரெண்டாவதும் அஞ்சாவதும். அந்தப் பறவை ஆளு"ன்னார்.

"சரி சார், அப்போ எல்லாம் ஒரே இரைச்சல்...?"

"எனக்குப் பிடிக்கலைதான். அதுல மாத்தமில்லை."

எழுந்து கதவு வரைக்கும் வந்துட்டேன். பின்னாலேர்ந்து குரல். "தம்பி, அந்தப் பறவை ஆளோடது வேற ஏதாவது இருந்தா அடுத்த வாரம் கொண்டு வா. முழுசா கேட்டாத்தானே ஒழுங்கா திட்ட முடியும்."

'காட்டலாக் துவாஸோ' எடுத்து வச்சிருக்கேன். பதிமூணு பறவை, ரெண்டரை மணி நேரத்துக்கு மேல. காபியை அவரையே போடச் சொல்லணும்.