பாஸ்போர்ட் இருந்தால் கல்யாணம், பஸ் டிக்கெட் இருந்தால் ஓடிப்போனதா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. மூட்டு வலியோடு ரெண்டு நாளாக உட்கார்ந்து தட்டியது. முழுசாகப் படித்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

விஷயம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் அண்ணன் மகள் நியூசிலாந்தில் வேலை பார்க்கிறாள். போன மாதம் அங்கேயே ரெண்டு சாட்சிகளை வைத்துப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். மறுநாளே ரெண்டு பேரும் ஒரு வேனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, ஏரி, மலை என்று பத்து நாள் சுற்றியிருக்கிறார்கள். படுக்கை, அடுப்பு எல்லாம் அந்த வேனுக்குள்ளேயே. டெகாப்போ என்று ஒரு ஏரிக்கரையில் நின்று எடுத்த போட்டோதான் வீட்டுக்கு வந்த முதல் கல்யாணப் பத்திரிகை. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதுங்க அத்தை, போட்டோ மட்டும் போடாதீங்க" என்றாள்.

அன்று ராத்திரி குழுவில் வந்ததை எல்லாம் நான் படித்தேன். "ஓடிப்போயிட்டா." "குடும்ப மானம் போச்சு." "தேனிலவுக்கு வேன்லயா போவாங்க, நாடோடிக் கூட்டம் மாதிரி." கடைசியாக ஒரு பெரியவர் எழுதினார்: "செத்துட்டான்னு நினைச்சுத் தலை முழுகிரணும்."

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்தத் தேனிலவு சமாச்சாரத்தை முடித்துவிடுகிறேன். எனக்குக் கல்யாணமான நாலாம் நாள் எங்களைக் குற்றாலத்துக்கு அனுப்பினார்கள். கூடவே ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள், மாமியார் உட்படப் பதினோரு பேர். ஐந்தருவியில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நான் நாத்தனாரோடு குளித்தேன், அவர் மச்சினனோடு குளித்தார். சாயங்காலம் எல்லோரும் ஈரத்துணியோடு வேனில் ஏறி வீடு வந்து சேர்ந்தோம். அதுவும் வேன்தான். அவர்களுடைய வேனில் ரெண்டே பேர் இருந்தார்கள், அதுதான் வித்தியாசம். அதில் மானம் போவதற்கு என்ன இருக்கிறது?

இப்போது பெரிய விஷயம். ஏன் சொல்லாமல் கட்டினாள்? சொல்லிப் பார்த்தாள். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்தபோது பையனைப் பற்றிச் சொன்னாள். பையன் நம்ம ஆட்கள் இல்லை. அன்றைக்கே அவளுடைய பாஸ்போர்ட்டை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். ஒன்பது நாள். நான் போய்ச் சத்தம் போட்ட பிறகுதான் சாவி வெளியே வந்தது. பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்தவர்கள் இன்று "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று கேட்கிறார்கள்.

இங்கே வந்து பதிவு செய்திருக்கலாமே என்றும் கேட்கிறார்கள். 1954-ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் கட்ட வேண்டுமானால், ரெண்டு பேரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். அறிவிப்பு கொடுத்து, அதை அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டி, இன்னும் 30 நாள் காத்திருக்க வேண்டும். நம்ம ஊரில் 30 நாள் ஒரு ரகசியம் நிற்குமா? காலையில் ஒட்டினால் மத்தியானத்துக்குள் சாதிச் சங்கத்துக்குப் போய்விடும். நியூசிலாந்தில் விண்ணப்பித்து மூன்று வேலை நாளில் உரிமம் கொடுத்துவிடுகிறார்கள். எது பத்திரம் என்று அந்தப் பிள்ளை கணக்குப் போட்டாள். அவளுக்குக் கணக்கு நன்றாகவே வரும்.

வாசலை அடைத்தால் பிள்ளைகள் எல்லை தாண்டத்தான் செய்வார்கள், எந்த நாட்டிலும். 1754-ல் இங்கிலாந்தில், 21 வயது ஆகாதவர்கள் பெற்றோர் சம்மதம் இல்லாமல் கட்டக்கூடாது என்று சட்டம் வந்தது. ஸ்காட்லாந்தில் அந்தச் சட்டம் செல்லாது. எல்லை தாண்டியதும் வருகிற கிராமம் கிரெட்னா கிரீன். காதலர்கள் குதிரை வண்டியில் அங்கே பறந்தார்கள். கொல்லன் பட்டறையில் பட்டடைக் கல்லுக்கு முன்னால் சாட்சி வைத்துக் கல்யாணம் முடிந்தது. அன்றைக்கு அவமானமாகப் பேசப்பட்ட அதே ஊருக்கு இன்று ஆசைப்பட்டுப் போய்க் கல்யாணம் பண்ணுகிறார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டையே தமிழ்நாட்டில் இல்லை. என் தாத்தா காலத்தில் தென்காசியிலிருந்து எட்டு கிலோமீட்டர் போனால் திருவிதாங்கூர். வேறு ராஜா, வேறு சட்டம். நமக்கு வெளிநாடு என்பது புளியமரத்துக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது.

அதே ரோட்டில் இன்னும் கொஞ்சம் போனால் ஆரியங்காவு. அங்கே ஐயப்பனுக்கும் புஷ்கலா தேவிக்கும் மார்கழியில் திருக்கல்யாணம் நடக்கும். அந்த அம்மன் சௌராஷ்டிரக் குலத்துப் பெண் என்பது ஐதீகம். மதுரையிலிருந்து சௌராஷ்டிர மக்கள் பெண் வீட்டாராக வருவார்கள், சம்பந்தி விருந்து நடக்கும். மலையாளத்து மாப்பிள்ளை, மதுரைப் பெண். சாமி செய்தால் சம்பந்தி விருந்து, நம்ம வீட்டுப் பிள்ளை செய்தால் தலை முழுக்கா? கொடை விழாவில் விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம் பார்த்துவிட்டுத்தானே வீட்டுக்கு வருகிறோம்? வள்ளியை யார், எந்த மண்டபத்தில் வைத்துத் தாரை வார்த்துக் கொடுத்தார்கள்?

என்னிடம் பன்னிரண்டாம் வகுப்பு படித்தவர்களுக்கு உடன்போக்கு நினைவிருக்கும். ரெண்டு மார்க் கேள்வி. கலித்தொகையில் மகளைத் தேடிப் பாலை நிலத்தில் போகிற தாய்க்கு, எதிரே வந்த பெரியவர்கள் என்ன பதில் சொன்னார்கள்? அதுவும் அறவழிதான், கலங்காதே என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். எதிரே வந்தவர்கள் கையில் அரிவாள் இல்லை. இதை 34 வருஷம் நான் பாடமாக நடத்தினேன்.

அரிவாள் என்று சும்மா சொல்லவில்லை. 2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கம், பட்டப்பகலில் நடந்ததைக் கேமராவில் நாடே பார்த்தது. 2025 ஜூலை 27, பாளையங்கோட்டை. வேற்றுச் சாதிப் பெண்ணோடு பழகிய 27 வயதுப் பையனை நடுத்தெருவில் வெட்டிக் கொன்றார்கள். நம்ம தாமிரபரணிக் கரையில் நடந்தது இது. "செத்துட்டான்னு நினைச்சுக்கோ" என்பது வெறும் கோபப் பேச்சு என்று நினைக்காதீர்கள். ஒருவர் நினைப்பார், இன்னொருவர் செய்வார்.

இப்போது இளசுகளுக்கும் ஒரு வார்த்தை. என் அண்ணன் மகளை "சூப்பர் அக்கா, எலோப்மென்ட்" என்று பாராட்டுகிறவர்களே, போன வருஷம் நம் உறவில் ஒரு பையன் நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு பாலியில் போய்க் கல்யாணம் பண்ணினான். அதற்கும் இதயம் விட்டீர்கள். எங்கள் தெருவில் பூக்கட்டுகிற அம்மாவின் மகள், லோடு ஆட்டோ ஓட்டுகிற பையனோடு பஸ் ஏறிப் போய்க் கோயிலில் மாலை மாற்றி வந்தாள். அவளுக்கு இதே தெரு வைத்த பெயர் 'ஓடுகாலி'. உங்களில் யாராவது அன்று அவளுக்காக வாயைத் திறந்தீர்களா? பாஸ்போர்ட் இருந்தால் எலோப்மென்ட், பஸ் டிக்கெட் இருந்தால் ஓடிப்போனதா? இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பாதுகாப்பு என்பது விமானக் கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்கு மட்டும் என்றால் அது என்ன நியாயம்?

அண்ணன் அழுகிறான். அது பொய்யான அழுகை இல்லை. இருபது வருஷமாகச் சேர்த்த நகை, ஊரெல்லாம் எழுதிய மொய், எல்லாம் மனதில் ஓடும். மொய் நோட்டு முக்கியம்தான். ஆனால் போட்ட மொய்யைத் திரும்ப வாங்குவதற்காக ஒரு பிள்ளை மணமேடையில் உட்கார முடியாது.

இனி என் கதை. இதைச் சொல்லாமல் மற்றவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது.

1994, ஆனி மாதம், சாரல் நேரம். என்னிடம் படித்த ஒரு பெண், அப்போது இருபது வயது, ஒரு பையனோடு நனைந்துகொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "டீச்சர், நாளைக்கு ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு வந்து ஒரு சாட்சிக் கையெழுத்துப் போடுங்க" என்றாள். உட்காரச் சொன்னேன். துண்டு கொடுத்தேன். காபி போட்டுக் கொடுத்தேன். அவர்கள் குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்குப் போய் அவள் அப்பாவுக்குப் போன் பண்ணினேன். நல்லது செய்கிறோம் என்று மனதார நம்பித்தான் செய்தேன். முக்கால் மணி நேரத்தில் கார் வந்தது. இருபது நாளில் வேறு இடத்தில் அவளுக்குக் கல்யாணம். அந்தப் பையனை அடித்ததில் அவனுக்கு ஒரு காது கேட்காமல் போனது என்று பிறகு தெரிந்தது.

பதினோரு வருஷம் கழித்து மகளைப் பள்ளியில் சேர்க்க வந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அன்னைக்குக் காபி நல்லா இருந்துச்சு டீச்சர்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, மகள் தலையைத் தடவிக்கொண்டே, "நாளைக்கு இவ உங்க வீட்டுக்கு வந்தா காபி மட்டும் குடுங்க, போன் பண்ணாதீங்க" என்றாள்.

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. இந்தப் பதிவுதான் பதில்.

என் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 முடிந்தால் யாரைக் கட்டுவது என்பது அவர்கள் முடிவு. ரெண்டு பேரும் இந்துக்கள் என்றால், அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-ல் நம் சட்டமன்றம் கொண்டுவந்த 7-ஏ பிரிவுப்படி, சொந்தக்காரர் அல்லது நண்பர்கள் முன்னால் மாலையோ மோதிரமோ மாற்றினாலே கல்யாணம் செல்லும். ஊரைக் கூட்டி அறிவிக்கத் தேவையில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் எப்படிக் கட்டினாலும் 90 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். வெளிநாட்டில் கட்டினால் அந்த நாட்டுச் சான்றிதழை முறைப்படி அத்தாட்சி வாங்கி வையுங்கள். பயமிருந்தால் எஸ்.பி. அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுங்கள். இப்படிப்பட்ட தம்பதிகளுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்பது 2018-ல் வந்த உச்ச நீதிமன்ற உத்தரவு. அதற்கும் வழி தெரியாவிட்டால் என் வீடு இருக்கிறது. காபி கிடைக்கும். போன் பண்ண மாட்டேன்.

சொந்தக்காரர்களுக்கு. ஆவணியில் ரெண்டு பேரும் ஊருக்கு வருகிறார்கள். மறுவீட்டுச் சாப்பாடு என் வீட்டில். சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்குப் பொரியல். அண்ணா, மதினி, உங்கள் ரெண்டு பேருக்கும் முதல் பந்தியில் இலை போட்டிருப்பேன். தலை முழுகச் சொன்ன பெரியவரும் வரலாம். தலை முழுகுவதற்குக் குற்றாலத்தில் தண்ணீர் நிறையவே விழும். முழுகி, ஈரம் காய்ந்த பிறகு சாப்பிட வரட்டும்.

கமெண்டில் மரியாதையாக எழுதுங்கள். சாதிப் பெயர் சொல்லி எழுதினால் நீக்கிவிடுவேன், அது என் மாணவனாக இருந்தாலும் சரி, சித்தப்பா மகனாக இருந்தாலும் சரி.