காப்பே அரமாகலாமா?

எண்ணெய்க் கிணறு தோண்டும் பணியில், சேறு திரும்பிவரும் வாய்க்காலில் காந்தம் ஒன்றை வைப்பது வழக்கம். அதில் ஒட்டிய இரும்புத் துகளை நாள்தோறும் நிறுத்துக் குறிப்பர். எடை கூடினால் மேற்பார்வையாளர் முகம் வாடும். அத்துகள் பெரும்பாலும் கிணற்றின் உறையிலிருந்து வந்ததாகவே இருக்கும்.

துளைக்குழாய் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 9 மீட்டர் நீளம். 3,000 மீட்டர் ஆழத்துக்கு முந்நூறுக்கும் மேற்பட்டவை மரையிட்டுக் கோக்கப்படுகின்றன. கோக்கும் முனை பருத்திருப்பதால் முதலில் உரசித் தேய்வதும் அதுவே. ஆகவே அதன்மேல் வளையல் அடுக்கினாற்போல் கடினப் பட்டைகளைப் பற்றவைத்தனர். உருகிய எஃகில் டங்ஸ்டன் கார்பைடு மணிகளைத் தூவி இறுகவிட்டது பழைய முறை. அப்பட்டையில் விரலை ஓட்டினால் அரத்தைத் தடவியது போலிருக்கும்.

முனை பிழைத்தது. ஆனால் கிணற்றின் மேற்பகுதியில் குழாய் சுழல்வது சிமெண்ட் இட்டு நிறுத்திய எஃகு உறைக்குள். கிணறு வளையுமிடத்தில் இழுவிசை குழாயை ஒரே பக்கமாய் அழுத்த, சுற்றுதோறும் அரம் உறையை இராவியது. பிறை வடிவில் பள்ளம் விழுந்தது. நிலத்தடி நீருக்கும் கிணற்றின் அழுத்தத்துக்கும் இடையே நிற்கும் சுவர் அது. தேய்ந்த துளைக்குழாயை மாற்றலாம். சிமெண்டில் புதைந்த உறையை எவர் உருவுவார்?

சோதனைக்கூடம் இதை ஏன் காணவில்லை? ஏ.எஸ்.டி.எம். ஜி65 என்னும் பெயர்பெற்ற சோதனையில், ரப்பர் விளிம்புச் சக்கரத்தின்மேல் உலோகத் துண்டை அழுத்தி, இடையே காய்ந்த மணலைச் சொரிகின்றனர். அதன் கடுமையான முறையில் விசை 130 நியூட்டன், சுற்று 6,000. இழந்த பருமனைக் கன மில்லிமீட்டரில் உரைப்பர். உலோகங்களை ஒப்பிட நல்ல சோதனைதான், குறை சொல்வதற்கில்லை. ஆயினும் அது பட்டையின் தேய்வை மட்டுமே அளக்கிறது. எதிரே உரசும் எஃகுக்கு நேர்வதை ரப்பர் எங்ஙனம் உரைக்கும்?

பின்னர் உறைக்கு இசைவான கலவைகள் வந்தன. உறைக்குழாய்த் துண்டையே எதிரே வைத்துத் துளைச்சேற்றில் உரசிப் பார்க்கும் சோதனையும் வந்தது. வழி இருக்கையில் ஒற்றை எண்ணுக்கு மயங்குவது பொறுப்பின்மை. எண்ணெய் நிறுவனங்கள் கோரும் ஒவ்வோர் ஒப்பந்தப்புள்ளியிலும் பட்டையின் தேய்வோடு உறையின் தேய்வும் கேட்கப்பட வேண்டும். இரண்டாம் எண் இல்லாத சான்றிதழைத் திருப்பி அனுப்புக.