பின்னணியில் ஒரு வீடு

திருவனந்தபுரத்தில் வருடத்துக்கு இரண்டு முறை, மார்ச் 21-ஐ ஒட்டியும் செப்டம்பர் 22-ஐ ஒட்டியும், மாலையில் கிழக்குக் கோட்டைப் பக்கம் ஒரு கூட்டம் சேரும். பத்மநாபசுவாமி கோயிலின் ஏழு நிலைக் கோபுரத்துக்குப் பின்னால் இறங்கும் சூரியன், அதன் நடு வாசல்களில் ஒவ்வொன்றாகத் தலைகாட்டிவிட்டுப் போகும். பகலும் இரவும் சமமாகும் நாளின் விசேஷம் அது. கோயிலுக்குள் கேமராவுக்கு அனுமதி இல்லை. தெருவில் யார் தடுப்பது? வங்கி ஊழியர், கல்லூரி மாணவி, ஓய்வுபெற்ற இன்ஜினீயர், ஆட்டோ டிரைவர் என்று எல்லோர் கையும் தலைக்கு மேலே. மறுநாள் ஆயிரம் படங்கள். ஆயிரமும் ஒரே படம்.

இதைக் கேலி செய்வது சுலபம். இத்தனை படம் எதற்கு என்ற கேள்வி, ஃபிலிம் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இயல்பாகவே வரும். ஊட்டியில் 1960-ல் அரசு தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' ரோல் ஒன்றை வாங்கினால், கன்னியாகுமரி பயணம், பேரனின் காதுகுத்து, கொல்லைப்புறத்தில் காய்த்த முதல் பலா எல்லாம் அந்த 36-க்குள் அடங்கியாக வேண்டும். அந்த நிறுவனம் இன்று இல்லை. 1975-ல் டிஜிட்டல் கேமராவை உருவாக்கிய ஸ்டீவன் சாஸன் கோடக் கம்பெனியின் இன்ஜினீயர். 10,000 புள்ளிகள் கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை கேஸட் நாடாவில் பதிய அவரது கருவிக்கு 23 வினாடி பிடித்தது. அந்தக் கோடக்கே 2012-ல் திவால் மனு போட்டது. இப்போது கேமரா என்பது பாக்கெட்டில் இருக்கும் போனின் ஒரு மூலை. படமெடுக்கச் செலவு கிடையாது. அதனாலேயே படத்துக்கு மதிப்பும் கிடையாது என்று நாம் முடிவுகட்டிவிட்டோம்.

அந்த முடிவு சரியா என்று பார்க்க, கோயிலிலிருந்து சில கிலோமீட்டர் மேற்கே போனால் போதும். சங்குமுகம் கடற்கரை. தமிழர்களுக்கும் பழக்கமான இடம். நெல்லை, குமரி மாவட்டங்களிலிருந்து வளைகுடாவுக்குப் போகிறவர்கள் விமானம் ஏறிய பழைய முனையம் அந்தக் கடற்கரையை ஒட்டித்தான் இருக்கிறது. வழியனுப்ப வேனில் வந்த குடும்பம், நேரம் இருந்தால் மணலில் இறங்கி ஒரு படம் எடுத்துக்கொள்ளும். கானாயி குஞ்ஞிராமன் செதுக்கிய பிரம்மாண்டமான சாகர கன்னிகை பின்னால் படுத்திருப்பாள். பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி ஆறாட்டுக்கு இந்தக் கடலுக்குத்தான் வருகிறார். ஊர்வலம் ஓடுபாதையைக் கடப்பதற்காக விமானங்கள் சில மணி நேரம் நிறுத்தப்படுகின்றன. அதையும் படமெடுக்காதவர் கிடையாது.

அந்தப் படங்களில் இருக்கும் விஸ்தாரமான மணல்வெளி பிறகு அங்கே இல்லை. 2017 ஒக்கி புயலுக்குப் பின் வந்த மழைக்காலங்களில் கடல் உள்ளே ஏறிக்கொண்டே வந்தது. 2021-ல் விமான நிலையத்தை ஒட்டிய கடலோரச் சாலையையே தின்றது. சுவர் எழுப்பித்தான் சாலையைச் சீரமைக்க முடிந்தது. சற்றுத் தெற்கே வலியதுறையில் இருந்த பாலத்தின் கதை இன்னும் சோகம். 1947-ல் கப்பல் மோதிப் பழைய இரும்புப் பாலம் அழிந்தபின் 1956-ல் கட்டியது அது. நகரத்து அமெச்சூர் போட்டோகிராபர்கள் அஸ்தமனம் எடுக்கப் பழகிய இடம். 2021-ல் ஒரு பகுதி சாய்ந்தது. 2024 மார்ச்சில் இரண்டாக உடைந்தது.

பாலம் போனால் படம் இருக்கிறது என்று ஆறுதல் கொள்ளலாம். வீடு போனவர்களுக்கு அந்த ஆறுதலும் இல்லை. இந்தக் கரையில் வரிசை வரிசையாக மீனவர் வீடுகளைக் கடல் கொண்டுபோயிருக்கிறது. வலியதுறையில் சிமென்ட் கோடவுனில் வருடக்கணக்கில் குடும்பங்கள் கிடந்தன. தெற்கே விழிஞ்ஞத்தில் 2015 டிசம்பரில் துறைமுகப் பணி தொடங்கியபின் அரிப்பு அதிகரித்தது என்று சொல்லி 2022-ல் மீனவர்கள் நான்கு மாதத்துக்கு மேல் போராடினார்கள். துறைமுகம் காரணமல்ல என்றது எதிர்த்தரப்பு. துறைமுகம் 2025 மே மாதம் திறக்கப்பட்டுவிட்டது. வாதம் தீரவில்லை.

இந்த வாதத்தில் செயற்கைக்கோள் படங்கள் பேசும், நிபுணர்களின் வரைபடங்கள் பேசும். ஞாயிற்றுக்கிழமைக் குடும்பப் படம் பேசுமா? பேசும், தேதி இருந்தால். தென்மேற்குப் பருவத்தில் மணலை அள்ளிக்கொண்டு போகும் கடல், பருவம் முடிந்ததும் அதில் பெரும்பகுதியைத் திருப்பித் தருவது இந்தக் கரையின் வழக்கம். ஒரு ஜனவரிப் படத்தையும் ஒரு ஜூலைப் படத்தையும் பக்கத்தில் வைத்து 'பாருங்கள், கரை போய்விட்டது' என்றால் அது பொய்ச் சாட்சி. ஜனவரியோடு ஜனவரியை, பத்து வருடத்துக்கு ஒப்பிட வேண்டும். அதற்கு ஒரே இடத்தில், ஒரே மாதிரி எடுத்த நூற்றுக்கணக்கான படங்கள் வேண்டும். நாம் கேலி செய்த அதே ஆயிரம் படங்கள்!

ஆஸ்திரேலியாவில் இதை ஒரு திட்டமாகவே செய்கிறார்கள். 2017-ல் சிட்னியில் தொடங்கிய 'கோஸ்ட்ஸ்நாப்', கடற்கரையில் ஒரு கம்பத்தில் போனை வைக்க ஒரு தாங்கி பொருத்தியது. போகிற வருகிறவர்கள் எடுக்கும் படங்களிலிருந்து விஞ்ஞானிகள் கரை எங்கே நிற்கிறது என்று அளக்கிறார்கள். இங்கேயும் சாதாரண மனிதர்களால் பெரிய காரியம் நடந்திருக்கிறது. 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்கள் மாநிலம் முழுக்க அலைந்து கேரளப் பறவை அட்லஸைத் தயாரித்தார்கள். கொல்லைப்புறத்துக் காகமும் மைனாவும் கணக்கெடுக்க லாயக்கானவையே என்று ஒப்புக்கொண்டதில்தான் அதன் வெற்றி. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் இதைத்தான் 1950 முதல் 1996-ல் இறக்கும்வரை தன் பத்தியில் எழுதிக்கொண்டிருந்தார். யானைக்குக் காட்டிய மரியாதையை அணிலுக்கும் காட்டியவர்.

டிஜிட்டல் படத்துக்கு ஃபிலிமுக்கு இல்லாத ஒரு குணம் உண்டு. எடுத்த நாள், நேரம், அனுமதித்தால் இடம் எல்லாம் படக் கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும். ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தில் அந்தக் குறிப்புகள் கழன்றுவிடுகின்றன, படமும் சுருங்கிவிடுகிறது. அப்புறம் போன் மாறும், மெமரி நிரம்பும், அழிப்போம். 1970-ல் எடுத்த காதுகுத்துப் படம் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்க, 2019-ல் எடுத்த பயணப் படம் காணாமல் போவது இப்படித்தான்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. மூலப் படத்தை அழிக்காதீர்கள். வருடவாரியாக இரண்டு இடத்தில் வையுங்கள். ஊர்ப் பெயரை எழுதிவையுங்கள். மறுபடி அதே இடத்துக்குப் போனால் அதே கோணத்தில், ஒரு விளக்குக் கம்பமோ சிலையோ விழும்படி எடுங்கள்.

கடலில் வீட்டைப் பறிகொடுத்தவர்களில் பலருக்கு ஆல்பமும் வீட்டோடு போயிருக்கும். அங்கே ஒரு வாசல் இருந்தது, அதன் முன்னே இத்தனை அடி மணல் இருந்தது என்று காட்ட அவர்களிடம் எதுவும் இருக்காது. உங்களிடம் இருக்கலாம். சங்குமுகத்துக்கோ வலியதுறைக்கோ எப்போதாவது போயிருந்தால் அந்தப் படங்களை எடுத்துப் பாருங்கள். சிரிக்கும் உங்கள் குழந்தையை ஒரு நிமிடம் விட்டுவிட்டு, அதன் தோளுக்குப் பின்னால் தெரியும் ஓட்டு வீட்டைப் பாருங்கள்.