வங்கி எழுதாத கடிதங்கள்

இரண்டு கோடி டொலர் இலங்கை வங்கியொன்றின் வாசல்வரை வந்து, எழுத்துப் பிழையொன்றினால் மீண்டுபோன கதையை நம்மவருள் எத்துணைப் பேர் அறிவர்? 2016 பெப்ரவரியில், பங்களாதேஷ் மத்திய வங்கி நியூயோர்க்கில் வைத்திருந்த பணத்தில் ஏறக்குறைய 95 கோடி டொலரைச் சுருட்டக் கள்வர் முனைந்தனர். 8 கோடியே 10 இலட்சம் பிலிப்பைன்ஸ் நாட்டில் மறைந்தது. இலங்கைக்கு வந்த பங்கில், பெறுநரின் பெயரில் ‘பவுண்டேசன்’ எனற்பாலது ‘பண்டேசன்’ என நின்றது. இடைநின்ற ஜேர்மன் வங்கி ஐயுற்று வினவிற்று, பணம் தப்பியது. இக்கொள்ளைக்கு முன்னோடியாக, வேலை வேண்டும் விண்ணப்பம்போல் வங்கி ஊழியருக்கு மின்னஞ்சல்கள் சென்றன என 2018இல் அமெரிக்க அரசு தொடுத்த வழக்குக் கூறுகின்றது.

‘பிழை மலிந்த கடிதமே பொய்க் கடிதம்’ என்று இன்றும் போதிப்போர் உளர். இது பழங்கதை. இன்று இயந்திரமே பிழையின்றி எழுதித் தருகின்றது, தமிழிலுங்கூட! “உமது கணக்கு முடக்கப்பட்டது, 24 மணி நேரத்துள் கீழுள்ள இணைப்பை அழுத்துக” என்று வரும் மடலில் இலக்கணத்தை ஆராய்ந்து பயனில்லை. அவசரத்தையே ஐயுறல் வேண்டும்.

அடுத்து, இணைப்பின் முகவரியை நோக்குக. தொடக்கத்து இரட்டைச் சாய்கோட்டை விடுத்து, அதன்பின் வரும் முதற் சாய்கோடு வரையுள்ள பகுதியை வலமிருந்து இடமாக வாசித்தல் வேண்டும். இடப்பக்கத்தில் வங்கியின் பெயரை எவனும் ஒட்டிவைக்கலாம். உரிமையாளன் வலக்கோடியிலேயே நிற்கிறான். அனுப்பினவர் பெயரும் அத்தகையதே. கடித உறையின் பின்புறத்தில் எப்பெயரையும் எழுதலாமன்றோ?

ஆயின் உறையில் தபாற்கந்தோர் முத்திரைகளும் உள. மின்னஞ்சலின் மறைவான முகப்பில், அது கடந்துவந்த ஒவ்வொரு கணினியும் தன் குறிப்பை மேலே மேலே பதிக்கின்றது. கீழுள்ளவற்றைக் கள்வன் புனையக்கூடும். நமது அஞ்சற் சேவை தானே பதித்த மேற்குறிப்பைப் புனைதல் அவனுக்கு அரிது. துப்புத் துலக்குவோர் அங்கிருந்தே தொடங்குவர். ஆதலால் அம்மடலை அழித்தலாகாது. பிறருக்கு வெறுமனே திருப்பியனுப்பின் அக்குறிப்புகள் உதிர்ந்துபோம், மூலமடலையே பேணுக. இரகசிய இலக்கத்தைக் கொடுத்துவிட்டவர் வெட்கி ஒளியாது, அட்டையின் பின்புறத்துள்ள இலக்கத்தில் வங்கியை அக்கணமே அழைக்க. பொலிசார் நடவடிக்கை எடுக்க 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் உண்டு.

குற்றம் ஏமாந்தவர்மீதே சுமத்தப்படுவதை நாம் ஏற்கோம். “இணைப்பை அழுத்தாதீர்” என்று எச்சரிக்கும் வங்கிகளே, விளம்பர மடல்களில் “இங்கே அழுத்துக” எனப் பழக்கிவிடுவது என்ன நியாயம்? நெல் விற்ற பணத்தை வைப்பிலிட்ட கமக்காரருக்கு ஆங்கிலத்தில் எச்சரிக்கை அனுப்பி, “அறிவித்தோம்” என்று கைகழுவுவது என்ன நியாயம்? தமிழும் ஆட்சிமொழி என 1987இல் அரசியலமைப்பில் எழுதப்பட்டது. முறைப்பாட்டைத் தமிழில் எழுதிக்கொள்ளும் உத்தியோகத்தரும், இணைப்பில்லா மடல்களும், தமிழில் அமைந்த எச்சரிக்கைகளும் வேண்டுமென நாம் கேட்கின்றோம்.