கம்ப்யூட்டர் கணக்கு யாருக்கு?

ஐக்கிய நாடுகள் சபையார் பல தேசங்களில் வைத்திருக்கும் அமைதிப்படைகளின் ஆகாரம், டீசல், மருந்து, வண்டிச் சாமான் முதலியவைகளின் கணக்கெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டதென்றும், ஆதலால் இனித் திருட்டுக்கும் வீண் செலவுக்கும் இடமில்லையென்றும் சிலர் சொல்லிக்கொண்டு வருகின்றார்கள். (அமைதிப்படை என்றதும் 1987-ல் இலங்கைக்குப் போன இந்தியப் படையை நினைத்துக்கொள்ள வேண்டாம். அது ஐ.நா. படையல்ல.)

இந்த ஏற்பாடு நல்லதுதான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ளுகின்றோம். ஒவ்வொரு படையும் தனித்தனிக் கணக்கு வைத்திருந்தால், ஒரு முகாமில் துருப்பிடித்துக் கிடக்கும் சாமானையே மற்றொரு முகாமுக்குப் புதிதாய் வாங்க நேரிடும். 2013 முதல் 'உமோஜா' என்னும் பொது முறை படைகளுக்கு வந்தது. சுவாஹிலி பாஷையில் ஒற்றுமை என்று அர்த்தம். 2024-25-ம் வருஷத்துக்கு இப்படைகளுக்கு ஒதுக்கிய பணம் சுமார் 560 கோடி டாலர். இதை நோட்டுப் புத்தகத்தை நம்பி விட முடியுமா?

நிற்க, உமோஜாவுக்கு முன் சாமான் இருப்பைக் காட்டி வந்த முறைக்குக் 'கலீலியோ' என்று பெயர். பூமி சுற்றுகிறது என்றதற்காக 1633-ல் பாதிரிமார்கள் தண்டித்தார்களே, அவர் பெயர்தான். அவராவது கண்ணால் பார்த்துச் சொன்னார். கம்ப்யூட்டர் எதையும் பார்ப்பதில்லை. ஆயிரம் லிட்டர் டீசல் வந்ததென்று கிடங்குக்காரன் தட்டிவிட்டால், இருநூறு லிட்டர் வழியிலேயே இறங்கியிருந்தாலும், ஆயிரம் என்றுதான் அது நியூயார்க்குக்குச் சொல்லும். பிறகு அதிகாரிகள் "கம்ப்யூட்டர் சொல்லுகிறது" என்பார்கள். "சாஸ்திரம் சொல்லுகிறது" என்று கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன நமக்கு இது புதிதல்ல. டாங்கியில் கோல் விட்டு அளந்து பார்க்க ஓர் ஆளும், அவனைச் சோதிக்க மற்றோர் ஆளும் வேண்டியேயிருக்கின்றது.

சரி, கணக்கு ஒழுங்காகவே இருந்தது என்று வைத்துக்கொள்ளுவோம். மாலி தேசத்தில் என்ன நடந்தது? அங்குள்ள இராணுவ சர்க்கார் வெளியேறச் சொன்னதன் பேரில், 2023 டிசம்பர் 31-க்குள் படை போய்விட வேண்டுமென்று தீர்மானமாயிற்று. வடக்கே கிடால் முகாமிலுள்ள சாமான்களை ஏற்றிவர காவோ என்னும் ஊரில் லாரிகள் காத்திருந்தன. அவைகளைக் கிடாலுக்குப் போக மாலி சர்க்கார் விடவில்லை என்று ஐ.நா. சொல்லிற்று. அக்டோபர் 31-ந் தேதி படை கிடாலை விட்டது. கொண்டுபோக முடியாத வண்டிகள், ஜெனரேட்டர்கள், வெடிமருந்து முதலியவை அழிக்கப்பட்டன. கலகக்காரர்கள் கைக்குப் போய்விடும் என்பது வெடிமருந்துக்குப் பொருந்தும். ஜெனரேட்டருக்கு எவ்வளவு பொருந்தும்?

இதைக் கேட்க அவ்வூரார்களுக்கு எந்தக் கணக்கு கையிலிருந்தது? உமோஜாவைத் திறக்கும் சாவி உத்தியோகஸ்தர்களிடம் மாத்திரமே இருக்கின்றது. கண்டிராக்டு யாருக்குக் கிடைத்தது என்பதை ஐ.நா. வெளியிடுவது மெய்தான். ஆனால் அந்தக் கண்டிராக்டர் நம் ஊரில் எவ்வளவு இறக்கினான் என்பதல்லவா ஊரானுக்குத் தெரிய வேண்டும்? துப்பாக்கிக் கணக்கை யாரும் கேட்கவில்லை. தண்ணீர், டீசல், ஆகாரம், வண்டி இவைகளில் இம்மாதம் வந்ததென்ன, மிச்சமென்ன என்று ஊர்ப் பாஷையில் எழுதி முகாம் வாசலில் ஒட்டட்டும். கம்ப்யூட்டர் அந்த ஜாபிதாவை ஒரு நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்துவிடுமே!