ரயில் இலவசம், வண்டி நிறுத்த மாதம் 660 ரூபாய்

பதிவு கொஞ்சம் நீளம். கல்லூரிக்குப் போகும் பிள்ளை இருக்கிற வீட்டில் கட்டாயம் படியுங்கள். மற்றவர்களும் படிக்கலாம், ஒன்றும் கெட்டுவிடாது.

முதலில் ஒரு ஐந்தாம் வகுப்புக் கணக்கு. ஒரு மாணவி மாதத்தில் 22 நாள் கல்லூரிக்குப் போகிறாள். ரயில் நிலைய ஸ்டாண்டில் வண்டி நிறுத்த ஒரு நாளைக்கு 30 ரூபாய். மாதம் எவ்வளவு? 660. வருடத்துக்குப் பத்து மாதம் என்று வைத்தால் 6,600. மூன்று வருடப் படிப்பு முடிவதற்குள் 19,800. முப்பத்து மூன்று வருடம் இடைநிலை ஆசிரியையாக இருந்து இந்த மாதிரிக் கணக்குகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். ஆனால் இது புத்தகத்தில் இருந்து எடுத்த கணக்கு இல்லை. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி போன மாதம் வீட்டுக்கு வந்தபோது, பையிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட ஸ்டாண்டு சீட்டுக் கட்டை எடுத்து மேசை மேல் வைத்தாள். நான்தான் எண்ணிப் பார்த்தேன்.

அரக்கோணம் மார்க்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். எந்த ஸ்டேஷன் என்று எழுதப் போவதில்லை. எழுதினால் நாளைக்கு அந்த ஸ்டாண்டில் சீட்டுக் கிழிக்கிற பையனைத்தான் நாலு பேர் போய்த் திட்டுவார்கள். அவன் சம்பளத்துக்கு நிற்கிறவன். அவனும் ஒரு வருடம் என் வகுப்பில் உட்கார்ந்தவன்தான்.

அந்தப் பெண்ணின் ஊர் ஸ்டேஷனிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் உள்ளே. அப்பா லோடுமேன். சென்னையில் ஒரு அரசுக் கல்லூரியில் பி.காம். 6.20 ரயிலைப் பிடித்தால்தான் முதல் வகுப்புக்குப் போக முடியும். அவள் ஊரிலிருந்து முதல் பஸ் 7.15-க்கு. பெண்களுக்கு சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் கிடையாது, நல்ல திட்டம், நானே தினமும் அனுபவிக்கிறேன். ஆனால் ஏழேகால் மணி பஸ்ஸில் ஏறி ஆறு இருபது ரயிலைப் பிடிக்கும் வித்தையை எந்த அரசாங்கமும் சொல்லித் தரவில்லை. அதனால் அப்பாவின் பழைய டிவிஎஸ் எக்ஸ்எல். அதை ஓட்டிக்கொண்டு ஸ்டேஷன் வருகிறாள்.

இனிமேல்தான் வேடிக்கை. ரயில்வேயில் பட்டப்படிப்பு வரை படிக்கும் பெண் பிள்ளைகளுக்கு இரண்டாம் வகுப்பு சீசன் டிக்கெட் இலவசம். ஆண் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரை இலவசம், அதற்கு மேல் மாணவர் சலுகையில் பாதிக் கட்டணம். பலருக்கு இது தெரியவே தெரியாது, கல்லூரியில் படிவம் வாங்கிக் கேளுங்கள். ஆக, சென்னை வரைக்கும் அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விட ரயில்வே ஒரு பைசா வாங்குவதில்லை. அதே ரயில்வேயின் மண்ணில் அவள் எக்ஸ்எல் சும்மா நிற்பதற்கு 30 ரூபாய். ஓடுகிற வண்டிக்குக் காசில்லை, நிற்கிற வண்டிக்குக் காசு!

பலகையில் என்னவோ 20 ரூபாய் என்றுதான் இருக்கிறது. வெயிலில் வெளுத்துப்போன பலகை, கிட்டே போய்ப் பார்த்தேன். 12 மணி நேரம் வரை 20, அதைத் தாண்டினால் 24 மணி நேரம் வரை 30. இவள் காலை 6.05-க்கு வண்டியை விடுகிறாள். கல்லூரி முடிந்து ஒரு ஜெராக்ஸ் கடையில் மூன்று மணி நேரம் வேலை. மாலை ரயில் சொன்ன நேரத்துக்கு வந்தால் 6.35. வராது. சிக்னலில் பத்து நிமிடம் நிற்கும். எப்படிப் பார்த்தாலும் பன்னிரண்டரை மணி நேரம் ஆகிவிடுகிறது. அந்த அரை மணிக்குப் பத்து ரூபாய். ஹெல்மெட்டை வாங்கி வைக்கத் தனியாக 5 ரூபாய். அதனால் அவள் ஹெல்மெட்டைக் கையிலேயே தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போகிறாள். மழைக்குக் கூரை கிடையாது. சீட்டின் பின்பக்கம் 'பொருட்கள் தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல' என்று அச்சடித்திருக்கிறது. பொறுப்பே இல்லை என்றால் எதற்கையா 30 ரூபாய்?

"மாதாந்திர பாஸ் போட்டுத் தரக் கேட்டியாம்மா?" என்றேன்.

"கேட்டேன் டீச்சர். பாஸெல்லாம் ஆபீஸ் போறவங்களுக்கேதான் இருக்குது, ஸ்டூடண்டுக்குத் தனியா கிடையாதுன்னுட்டாங்க."

ஆபீஸ் போகிறவருக்கும் அவளுக்கும் ஒரே கட்டணம். அவர் மாதச் சம்பளத்தில் கட்டுகிறார். இவள் எதில் கட்டுகிறாள் தெரியுமா? புதுமைப் பெண் பணத்தில். அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் உயர்கல்வி படிக்க மாதம் 1,000 ரூபாய் என்று 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம். பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் அதே ஆயிரம். புத்தகம் வாங்கட்டும், நோட்டு வாங்கட்டும், மதியம் பசிக்கு ஏதாவது சாப்பிடட்டும் என்று கொடுத்த பணம். அதில் 660-ஐ எடுத்து ஸ்டாண்டுக்குக் கட்டிவிட்டு மிச்சம் 340-ல் இவள் மாதத்தை ஓட்டுகிறாள். மாநில அரசு ஒரு கையால் கொடுக்கிறது, மத்திய அரசின் நிலத்தில் உட்கார்ந்திருக்கும் ஒப்பந்ததாரர் இன்னொரு கையால் வாங்கிக்கொள்கிறார்.

சினிமா தியேட்டரில் பார்க்கிங் கட்டணம் கூடிவிட்டது என்றால் நம் ஆட்கள் போடும் சத்தம் இருக்கிறதே! ஒரு படத்துக்கு ஒரு நாள் கொடுக்கும் காசு அது. தினமும் கொடுக்கிற பிள்ளைக்காக யாராவது வாயைத் திறந்திருக்கிறோமா? புறநகர் ரயில் மாணவர்கள் என்றாலே செய்தியில் 'ரூட்டு தல', கத்தி, கல்வீச்சு. அதே ரயிலில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு தூங்கி வழிந்து வருகிற பிள்ளைகள் செய்தி ஆவதில்லை.

இதை எங்கள் ஓய்வுபெற்றோர் சங்கக் கூட்டத்தில் பேசினேன். ஒரு தலைமையாசிரியர், என்னைவிட மூத்தவர், "பைக் வாங்கிக் குடுத்தாலே பசங்க கெட்டுப் போறாங்க டீச்சர், நாமெல்லாம் நடந்து போய்ப் படிக்கலையா?" என்றார். நடந்தோம் ஐயா. மூன்று கிலோமீட்டர் நடந்து பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் போனோம். எழுபது கிலோமீட்டரா நடந்தோம்? அந்தத் தலைமையாசிரியரின் பேரன் தனியார் பொறியியல் கல்லூரிப் பேருந்தில் வாசலிலேயே ஏறி வாசலிலேயே இறங்குகிறான். அது வேறு கதை.

இன்னொருவர் சொன்னதில் விஷயம் இருந்தது. "வண்டி நிறுத்த மலிவாக இடம் கொடுத்தால் எல்லோரும் வண்டி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள், ஊர் நெரிசலாகும், அதனால்தான் உலகத்தில் எல்லா நகரங்களிலும் கட்டணம் போடுகிறார்கள்" என்றார். தி.நகர் கடைத்தெருவில் கார் நிறுத்துகிறவருக்கு இது சரி. அவரிடம் இன்னும் கூடவே வாங்குங்கள். ஆனால் ஸ்டேஷனில் வண்டியை விட்டுவிட்டு ரயில் ஏறுகிறவள் நகரத்துக்குள் வண்டியைக் கொண்டு போகவில்லையே! நெரிசலைக் குறைக்கிறவளிடமே அபராதம் மாதிரி வசூலித்தால் எப்படி?

ஆவடி, பூந்தமல்லி, செங்குன்றம் பக்கத்திலிருந்து நேராகக் கல்லூரிக்கே வண்டியில் போகிற பிள்ளைகள் கதை வேறு மாதிரி. கல்லூரிக்குள் ஆசிரியர் வண்டிக்கு இடம் உண்டு, மாணவர் வண்டி என்றால் வாட்ச்மேன் கேட்டிலேயே கையைக் காட்டிவிடுவார். பக்கத்துத் தெருவில் விட்டால் வீட்டுக்காரர் காற்றைப் பிடுங்குவார். அவர் கோபமும் நியாயம், அவர் வாசல் அது. மெயின் ரோட்டில் விட்டால் நோ பார்க்கிங், முதல் தடவை 500 ரூபாய், மறுபடியும் மாட்டினால் 1,500. மாநகராட்சி கட்டண இடங்களில் இருசக்கர வண்டிக்கு மணிக்கு 5 ரூபாய் வாங்கினார்கள். அது அரை மணியில் புடவை எடுத்துவிட்டுக் கிளம்புகிறவருக்குப் போட்ட கணக்கு. ஆறு மணி நேரம் வகுப்பில் இருந்தவனுக்கு 30 ரூபாய். கட்டடம் கட்டினால் அதற்கேற்ப வண்டி நிறுத்துமிடம் காட்ட வேண்டும் என்று தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள் 2019-ல் இருக்கிறது. வரைபடத்தில் காட்டுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் அந்த இடத்தில் இப்போது கேன்டீன் நடக்கிறது.

ஆனாலும் எனக்குக் கவலை ஸ்டேஷன் பிள்ளைகளைப் பற்றித்தான், அதிலும் பெண் பிள்ளைகள். இந்தச் சீட்டுக் கட்டைக் காட்டிய பெண் இப்போது ஸ்டாண்டில் வண்டி விடுவதை நிறுத்திவிட்டாள். ஸ்டேஷனிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி அவள் அத்தைக்குத் தெரிந்தவர் வீட்டு ஓரத்தில் விடுகிறாள். காலையில் அந்த ஒரு கிலோமீட்டரை ஓடுகிறாள். மாலை ஆறே முக்காலுக்கு, கார்த்திகை மார்கழியில் அது நல்ல இருட்டு, தண்டவாளத்தை ஒட்டின மண் பாதையில் தனியாக நடக்கிறாள். டாஸ்மாக் கடையைத் தாண்டித்தான் அந்த வீடு. இரண்டு முறை எவனோ பின்னாலேயே வந்திருக்கிறான். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அவள் அப்பா திட்டமாட்டார், அடிக்கமாட்டார், "நாளையிலிருந்து போக வேண்டாம்மா" என்று அமைதியாகச் சொல்லிவிடுவார். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எத்தனை பெண்கள் படிப்பு இப்படி அமைதியாக நின்றுபோனதை இந்த ஊரில் பார்த்திருக்கிறேன். பதிவேட்டில் 'குடும்பச் சூழ்நிலை' என்று ஒரு வரி எழுதுவோம்.

ஒப்பந்ததாரரும் பிழைக்க வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டும். அவரை நான் குறை சொல்லவே இல்லை. 2022-லிருந்து ரயில்வே வாகன நிறுத்த உரிமத்தை மின்னணு ஏலத்தில் விடுகிறது. அதிகத் தொகை கேட்டவருக்கு ஸ்டாண்டு. கட்டிய பணத்தை அவர் எடுத்தாக வேண்டும், அதனால் அரை மணி தாண்டினாலும் விடமாட்டார். ஏலம் முடிந்த பிறகு அவரிடம் போய் மாணவருக்குக் குறையுங்கள் என்று கெஞ்சினால் நடக்காது. ஏலம் விடுவதற்கு முன்னாலேயே நிபந்தனையில் எழுதிவிட வேண்டும்: செல்லுபடியாகும் மாணவர் சீசன் டிக்கெட்டும் கல்லூரி அடையாள அட்டையும் காட்டினால் மாதம் 150 ரூபாய் பாஸ், 15 மணி நேரம் வரை ஒரே கட்டணம், ஹெல்மெட்டுக்குக் காசு கிடையாது. நிபந்தனை முதலிலேயே தெரிந்தால் ஏலம் கேட்கிறவர் அதற்கேற்பக் கேட்டுவிட்டுப் போகிறார். ரயில்வேக்கு வரவேண்டியதில் கொஞ்சம் குறையும். குறையட்டுமே! இலவச சீசன் கொடுக்க மனசு வந்த ரயில்வேக்கு இதற்கு வராதா?

எங்கள் ஸ்டாண்டின் ஒப்பந்தம் இன்னும் சில மாதத்தில் முடிகிறதாம். அதற்குள் கேட்டால்தான் உண்டு, விட்டால் அடுத்த ஒப்பந்தம் முடியும்போது இந்தப் பெண் கல்லூரியில் இருக்கமாட்டாள்.

மனு எழுதிவிட்டேன். ஒன்று கோட்ட ரயில்வே மேலாளருக்குப் பதிவுத் தபாலில். இன்னொன்றை வரும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியரிடம் நேரில் கொடுக்கப் போகிறேன். ஸ்டாண்டு அவர் கையில் இல்லை என்று பதில் வரும், தெரியும். அதனால் அவரிடம் கேட்பது 5.30 மணிக்கு ஒரு பஸ்ஸும், அந்த மண் பாதைக்கு நாலு தெருவிளக்கும்.

மாணவர்கள் யாராவது ஸ்டாண்டு சீட்டு வைத்திருந்தால் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படமெடுத்து எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள். எந்த ஸ்டேஷன், எந்த ரயில் என்று எழுதுங்கள். வண்டி எண்ணை மறைத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவுக்குள் வந்தால் மனுவோடு இணைத்துவிடுவேன். திங்கள் காலை ஒன்பது மணி பஸ்ஸில் போகிறேன், கூட வருகிறவர்கள் பஸ் ஸ்டாண்டு டீக்கடை பக்கம் நில்லுங்கள்.