கீபோர்டு யார் கையில்?



பத்தாம் வகுப்பு முடிந்ததும், "ப்ளஸ் ஒன்னில் எந்த குரூப்?" என்ற கேள்வி வரும். அப்போது சில பெண் பிள்ளைகள், "கம்ப்யூட்டர் எனக்கு வராது. அதெல்லாம் பையன்கள் படிப்பு" என்று ஒதுங்கிக் கொள்கிறார்கள். நன்றாகக் கணக்குப் போடுகிற பெண்களும் இப்படிச் சொல்வதுதான் எனக்கு வருத்தம்.

பையன்கள் படிப்பு என்று யார் சொன்னது? அமெரிக்காவில் 1946-இல் 'எனியாக்' என்ற கம்ப்யூட்டரை உலகுக்குக் காட்டினார்கள். ஏறக்குறைய 18,000 வால்வுகள், 30 டன் எடை! அதற்குப் புரோகிராம் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். சொல்லித்தரப் புத்தகம் கிடையாது. முதலில் இயந்திரத்தைக் கிட்டே போய்ப் பார்க்கவும் விடவில்லை. வரைபடங்களைப் பார்த்துத் தாங்களாகவே கற்றுக் கொண்டார்கள். அவர்கள் பெயர் வெளியே தெரியத்தான் பல வருடங்கள் ஆயின.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் சென்னையில் பிறந்த ஏ.லலிதாவைப் பாருங்கள். 15 வயதில் கல்யாணம். 18 வயதில் கணவரை இழந்தார். கையில் நான்கு மாதக் குழந்தை. பேராசிரியரான அப்பா துணை நிற்க, 1940-இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் சேர்ந்தார். அதுவரை அங்கே பெண்களே படித்ததில்லை! அவருடைய சான்றிதழில்கூட ஆணைக் குறிக்கும் 'ஹீ' என்ற ஆங்கிலச் சொல்தான் அச்சாகியிருந்தது. அதை அடித்துவிட்டு 'ஷீ' என்று திருத்திக் கொடுத்தார்கள். பிற்காலத்தில் பக்ரா நங்கல் அணையின் மின்பாதைகளை வடிவமைப்பதிலும் அவர் பங்கு கொண்டார்.

அப்படியானால் "வராது" என்ற பயம் எங்கிருந்து வருகிறது? பள்ளிக் கம்ப்யூட்டர் அறையிலிருந்துதான் என்பேன். ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு, மூன்று பேர். கீபோர்டு பையன் கையில், ரெக்கார்டு நோட்டு பெண் கையில். பல பள்ளிகளில் இதைப் பார்த்திருக்கிறேன். வருடக்கணக்கில் இப்படியே போனால் எப்படி வரும்? பக்கத்தில் நின்று பார்த்தே சைக்கிள் கற்றுக் கொண்டவர் உண்டா?

ஆகவே பெண்களே, பாதி நேரம் ஆனதும், "இப்போது என் முறை" என்று கேட்டு வாங்குங்கள். தப்புத் தப்பாகத் தட்டினாலும் பரவாயில்லை, கம்ப்யூட்டர் பிரம்பெடுக்காது!

பையன்களே, கோபம் வேண்டாம். அந்த நேரத்தில் ரெக்கார்டு நோட்டை நீங்கள் எழுதுங்கள். உங்கள் கையெழுத்தும் கொஞ்சம் தேறட்டும்!